உருளை மாறிய நாள்

தார்த்துவில் நவம்பர்.
நான்கு மணிக்கே விளக்கேற்றிக்கொள்ளும் ஊர்.
பல்கலைக்கழகப் பழைய மண்டபத்து வாசலில்
மேலங்கிகளை வாங்கிக்கொண்டு எண் வில்லை தருகிறார்கள்.
எனக்கு நூற்றுப் பதினேழு:
கறுப்பு மேலங்கி, ஈரத் தொப்பி,
சுவரொட்டியைச் சுருட்டிவைத்த நெகிழி உருளை.

முனைவர் பட்ட மாணவர் கூடுகை.
எல்லாத் துறையும், ஒரே கூரை, ஒரே நாள்.
ஒன்பதரைக்குத் தொடக்கவுரை.
பதினொன்றுக்குக் காப்பி.
பதினொன்றே காலுக்கு, நிரலில் தடித்த எழுத்தில்,
வலைப்பின்னல் நேரம்.
வலை என்றால் மீன் யார் என்று
யாரும் எழுதவில்லை.

நெஞ்சில் குத்திய அட்டையில் ஹெல்வே என்றிருந்தது.
கீழே சின்னதாக: சதுப்புநிலச் சூழலியல்.
அதைப் படித்த கண்கள்
என் முகம்வரை ஏறி வருவதற்குள்
வேறு முகம் தேடிக்கொள்கின்றன.
நாற்பது நொடியில் ஆய்வைச் சொல்லிவிட வேண்டுமென்று
பயிலரங்கில் பழக்கியிருந்தார்கள்.
என் பாசிப்படுகை ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உயரும்.
நாற்பது நொடியில் அது
எதுவும் செய்வதில்லை.

சுவரொட்டி அமர்வு. பலகை இருபத்திரண்டு.
மூடியைத் திருகினேன், விரித்தேன்,
நான்கு முனையிலும் ஊசி குத்தினேன்,
தள்ளி நின்று பார்த்தேன்:
பேருந்துகள்.
எஸ்டோனியாவின் தென்கிழக்கு மூலை முழுக்கச்
சிவப்புப் புள்ளிகள்.
'வழித்தடம் நின்ற பின்: முதியோரும் மருத்துவமனையும்.'
எழுதியவர் தாவெத் பிஹ்லாக்.
யாரவர்?

கழற்றத்தான் கை போனது.
அதற்குள் வந்துவிட்டார் ஒருவர்,
சாம்பல் கோட்டு, கையில் பாதி கடித்த பட்டை ரொட்டி.
மூன்று வருடத்தில் என் பாசியைப் பார்க்க
ஒருவரும் இப்படி நேராக நடந்து வந்ததில்லை.
"மாதிரி எத்தனை பேர்?"
"தெரியாது."
"நேர்காணலா, பதிவேடா?"
"தெரியாது."
அடடா, அந்தச் சொல்லுக்குத்தான்
எவ்வளவு காற்றோட்டம்!
முதலாண்டிலிருந்து கடைவாயில் அடக்கிவைத்த சொல்.
"இது என்னுடையதே அல்ல" என்றேன்.
அவர் போகவில்லை.
மென்றபடி ஒரு புள்ளியைத் தொட்டார்:
"இந்த நிறுத்தத்தில் நிழற்கூடம் உண்டா?"

உண்டு. அது தெரியும்.
மஞ்சள் பலகை, ஒரு பக்கம் கண்ணாடி கிடையாது,
யாரோ கீறிவைத்த கெட்ட வார்த்தை.
அங்கே இறங்கினால்தான் என் மாதிரிக் குழிகள்.
போன மார்ச்சில் பேருந்தை நிறுத்தினார்கள்.
அதன்பின் ஒன்பது கிலோமீட்டர் நடை,
முதுகில் துளைப்பான், முழங்கால்வரை பனி.
நிறுத்திய செய்தி எட்டாத முதல் வாரம்
என்னோடு ஒருத்தி நின்றிருந்தாள்,
கையில் மருத்துவச் சீட்டு.
ஒரு மணி நேரம் சாலையைப் பார்த்துவிட்டுத்
திரும்பிப் போனாள்.
என் குறிப்பேட்டில் அது இல்லை.
பாசிக்கு அது தேவைப்படவில்லை.

சொல்லிக்கொண்டே திரும்பினால்
பலகை நாற்பத்தொன்றில் என் பாசி.
பக்கத்தில் ஒரு நெட்டையன்,
காதெல்லாம் சிவந்து, மூன்று பேரிடம் விளக்குகிறான்:
"இது... நிறையத் தண்ணீர் குடிக்கும் போலிருக்கிறது."
தவறில்லை.

இரண்டாம் காப்பியில் உருளைகள் கைமாறின.
யார் மன்னிப்புக் கேட்பதென்று தெரியாமல்
இருவரும் வில்லைகளைப் பார்த்துக்கொண்டோம்.
நூற்றுப் பதினேழு. நூற்றுப் பதினெட்டு.

"பாசிக்கும் பேருந்துக்கும் கூட்டாய்வா?
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே"
என்று சிரித்தபடி கடந்து போனார் என் நெறியாளர் வைகே.
நாங்கள் அதுவரை
கூட்டாய்வு என்ற சொல்லையே எடுத்திருக்கவில்லை.

தாவெத் தன் வரைபடத்தை என்னுடையதன் மேல் வைத்து
சன்னலுக்கு எதிரே பிடித்தான்.
வெளியே வெளிச்சம் தீர்ந்திருந்தது.
கைப்பேசி விளக்கைப் பின்னால் காட்டினேன்.
தடித்த தாள். ஒன்றும் தெரியவில்லை,
மூலையில் ஒரே ஒரு ஊசித்துளை தவிர.

"அந்தப் பெண் வந்தது என்ன கிழமை?" என்றான்.
யோசித்தேன். வியாழனாக இருக்கலாம்.
வியாழன் என்று எழுதிக்கொண்டான்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறியுடன்.